நெட்டச்சிக்கு எந்த வண்டி?

(என் கருத்து)



இந்த மாதம் "என் கருத்து" பகுதிக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு மோட்டார் சைக்கிள். "ஒன்பதாவது படிக்கிற பொண்ணுக்கு பைக்கைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரிக்காதீர்கள். முழுதாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள். பிரேயரில் எப்போதும் கடைசியில் நிற்கிறவள் நான். நெட்டச்சி, பனைமரம், ஒட்டகச்சிவிங்கி என்று எனக்கு வைத்த பெயர்களை எழுதினாலே இந்தத் தாள் நிரம்பிவிடும். அதனால் உயரமானவர்களைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு!

என் கருத்து இதுதான். உயரமாக இருக்கிற ஒருவர் முதன்முதலில் வண்டி வாங்கும்போது, நாலு பேர் கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. ஆணா பெண்ணா என்றும் பார்க்கக் கூடாது. அவங்க காலையும் கையையும் பலத்தையும் அளந்து வாங்கணும். அதுவும் 18 வயசு முடிந்த பிறகு!

வீட்டில் நடந்த பட்டிமன்றம்

என் பெரியம்மா பொண்ணு காவாங்கரையில் இருக்கிறாள். எனக்கு அக்கா முறை. 19 வயசு, உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 52 கிலோ. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஷிப்ட் 6 மணிக்கு. இரண்டு பஸ் மாறணும். ஒரு பஸ் தவறினால் பாதி நாள் சம்பளம் போச்சு. அதனால் வண்டி வாங்குவது என்று முடிவானது. சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாய் கையில் இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது பட்டிமன்றம். "பொம்பளப் புள்ளைக்கு ஸ்கூட்டிதான் அடக்கமா இருக்கும்" என்றாங்க பெரியம்மா. "இந்த உசரத்துக்கு ஸ்கூட்டியா? சர்க்கஸ் கரடி சைக்கிள் ஓட்டுற மாதிரி இருக்கும். புல்லட் வாங்குங்க, ஆளுக்கேத்த வண்டி" என்றார் பெரியப்பா. திருவொற்றியூரில் இருக்கிற மாமாவோ, "என் பழைய புல்லட் சும்மாதானே நிக்குது, எடுத்துக்கோ, காசே வேணாம்" என்றார்.

மூன்று பேருமே பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனால் ஒருத்தர்கூட, "நீ உட்கார்ந்து பாரும்மா, எப்படி இருக்கு?" என்று கேட்கவே இல்லை.

ஸ்கூட்டி ஏன் சரிப்படவில்லை?

ஸ்கூட்டி மோசமான வண்டி இல்லை. கியர் கிடையாது, எடை குறைவு, காய்கறிப் பையைக் காலடியில் வைக்கலாம். என் அம்மா உயரத்துக்கு அது ராஜா வண்டி. ஆனால் அக்கா பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஹேண்டில்பாரை முழுசாகத் திருப்பிப் பார்த்தபோது, அது முட்டியில் இடித்து பாதியிலேயே நின்றுவிட்டது. நேராகப் போகும்போது இது தெரியாது. யு டர்ன் போடும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்? விழுந்த பிறகு தெரிவதற்குப் பெயர் அனுபவம் இல்லை, ஆஸ்பத்திரி செலவு!

புல்லட் ஏன் வேண்டாம்?

புல்லட் நம்ம பக்கத்து வண்டி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும், இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. தொழிற்சாலை அமைந்தது திருவொற்றியூரில். நம் ராணுவ வீரர்கள் எல்லையில் ரோந்து போனது இந்த வண்டியில்தான். இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோன பிறகும் அந்தப் பெயரைக் காப்பாற்றியது நம்ம வடசென்னைதான். அதில் எனக்கும் பெருமை உண்டு.

ஆனால் பெருமை வேறு, பழகுவது வேறு. இப்போது வரும் கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. அக்காவின் எடையைப் போலக் கிட்டத்தட்ட நாலு மடங்கு! ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோதான். அது இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே. ஓடும்போது எடை தெரியாது. வண்டியே தன்னைத் தூக்கிக்கொண்டு போகும். நிற்கும்போதும், தள்ளும்போதும், மெதுவாகத் திரும்பும்போதும்தான் தெரியும். புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் செய்வது இந்த மூன்றைத்தானே?

மாமாவின் பழைய புல்லட்டில் இன்னொரு சிக்கல். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது வரும் வண்டிகளில் எல்லாம் இதற்கு நேர் எதிர். ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றை ஓட்டினால், அவசரத்தில் மூளை ஒன்று சொல்லும், கால் ஒன்று செய்யும். மாமாவுக்கு முப்பது வருஷப் பழக்கம். அக்காவுக்கு முப்பது நாள் பழக்கம்கூடக் கிடையாது.

உயரமானவர்கள் ஏமாறும் இடம்

இதை நான் கொஞ்ச நாள் யோசித்துப் பார்த்தேன். குள்ளமாக இருக்கிறவர்கள் ஒரு பெரிய வண்டியில் ஏறினால் கால் தரையில் எட்டாது. "நான் உனக்கு வேண்டாம்" என்று வண்டியே கடை வாசலில் சொல்லிவிடும். உயரமானவர்களுக்கு எல்லா வண்டியிலும் கால் எட்டும். எல்லா வண்டியும் "வா வா" என்று கூப்பிடும். வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. கால் எட்டுவதைப் பார்த்து, "நம்மால் தாங்க முடியும்" என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் எட்டுவது எலும்பின் நீளம். தாங்குவது தசையின் பலம். இரண்டும் ஒன்றா?

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எடை தெரியாமலும் காலைப் போடாதே என்று நான் சேர்த்துச் சொல்கிறேன்.

அளந்து பார்க்க ஐந்து வழிகள்

அக்காவும் நானும் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டுக் கேட்டு இந்த ஐந்தையும் எழுதி வைத்தோம். உங்கள் வீட்டில் அண்ணனோ அக்காவோ வண்டி வாங்கினால் பயன்படும்.

1. காலின் அளவு: செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நிற்கணும். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு நோட்டை மேலே வரை உயர்த்திப் பிடித்து, அதன் மேல் விளிம்புக்கு நேராகச் சுவரில் கோடு போடணும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் அதுதான் காலின் நீளம். அக்காவுக்கு 82 செ.மீ. சீட்டின் உயரத்தை கம்பெனி நோட்டீசில் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். ஸ்பிளெண்டர் பிளஸ் 785, கிளாசிக் 350-க்கு 805. சீட் அகலமாக இருந்தால் கால் விரிந்து எட்டுவது குறையும். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் உட்கார்ந்து பார்க்கணும். இரண்டு பாதமும் முழுசாகப் பதிந்து, முட்டி லேசாக மடங்கியிருந்தால் சரி.

2. முட்டி: காலைப் புட்ரெஸ்டில் வைத்துக்கொண்டு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பணும். எங்கேயும் இடிக்கக் கூடாது. முட்டி ரொம்ப மடங்கினால் அரை மணி நேரத்தில் வலி எடுத்துவிடும். அக்காவுக்குக் கம்பெனி போய்ச் சேரவே முக்கால் மணி நேரம்.

3. கை: முழங்கை லேசாக மடங்கியிருக்கணும். ஹேண்டில்பாரை முழுசாக வலது பக்கம் திருப்பின பிறகும் இடது கைக்கு கிளச் எட்டணும்.

4. பாதம்: உயரமானவர்களுக்குப் பாதமும் பெரிசு. ஷூ போட்டுக்கொண்டே கியரைப் போட்டுப் பார்க்கணும். கியருக்கும் புட்ரெஸ்டுக்கும் நடுவில் ஷூ மாட்டக் கூடாது. காலைத் தூக்காமல் பிரேக்கை மிதிக்க முடியணும்.

5. தள்ளுவது: இதுதான் முக்கியமான பரீட்சை! எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை முன்னே பத்தடி, பின்னே பத்தடி தள்ளணும். ஒரு வட்டம் சுற்றணும். ஸ்டாண்டு போட்டு எடுக்கணும். யாரும் பிடிக்காமல் இதைச் செய்ய முடிந்தால்தான் அது உங்க வண்டி. முடியவில்லை என்றால் அழகாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

நம்ம ரோடு நமக்குத் தெரியும்

"எல்லாரும் இப்படியா அளந்து வாங்குறாங்க?" என்று கேட்கலாம். நாம் இருப்பது புழல். ஒரு பக்கம் ஜி.என்.டி. ரோடு, இன்னொரு பக்கம் பைபாஸ். சென்னை துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் மாதவரம், மணலி பக்கம் ராத்திரி பகலாக ஓடுகின்றன. பெரிய கன்டெய்னர் ஒன்றின் நீளம் மட்டும் 40 அடி. அந்த டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். கேபினை ஒட்டி இடது பக்கம் நிற்கிற பைக் டிரைவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனால் அதன் பக்கத்தில் நிற்காமல் பின்னாலேயே நிற்கணும். சிக்னலில் சட்டென்று நிறுத்தவும், உருட்டிப் பின்னே போகவும் வண்டி நம் சொல் கேட்கணும். அங்கே போய் 195 கிலோவோடு மல்லுக்கட்ட முடியுமா?

பெண்ணுக்கு பைக் எதற்கு?

தெருவில் இந்தக் கேள்வியையும் கேட்டார்கள். நம் பக்கத்து சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் இருந்தது. 1950-களிலிருந்து 1980-கள் வரை அங்கே மோட்டார் பந்தயம் நடந்தது. பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான் ஓட்டினார்கள். ஆனால் 2019-இல் பெங்களூரு பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே, எஃப்.ஐ.எம். பஹாஸ் உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார். பாலைவன மணலில் மோட்டார் சைக்கிள் ஓட்டி ஜெயித்தார்! அப்படி இருக்க, காவாங்கரையிலிருந்து அம்பத்தூருக்கு ஒரு பெண் கியர் வண்டி ஓட்டினால் என்ன குறைந்துவிடும்? அடக்கம் என்பது மனசில் இருக்கணும், வண்டியில் இல்லை.

பெண் என்று ஸ்கூட்டியைத் திணிப்பதும் தப்பு. உயரம் என்று புல்லட்டைத் திணிப்பதும் தப்பு. இரண்டிலும் ஆளைப் பார்க்கவில்லை, பெயரைத்தான் பார்க்கிறார்கள்.

உயரம் என்ன லைசென்ஸா?

இது என் வகுப்பு நெட்டையர்களுக்கு. மற்றவர்களும் படிக்கலாம். "நீதான் வளர்ந்துட்டியே, போலீஸ்காரர் பார்த்தாலும் காலேஜ் பையன்னு நினைப்பார், வண்டியை எடுத்துட்டுப் போய் பால் வாங்கிட்டு வா" என்று சில வீடுகளில் பெரியவர்களே சாவியைக் கொடுக்கிறார்கள். குள்ளமாக இருக்கிற பையனிடம் இப்படிக் கொடுப்பார்களா? நமக்கு உயரம் வளர்ந்திருக்கிறதே தவிர வயசு வளரவில்லை. பனைமரம் உயரமாக இருக்கிறது என்பதற்காக அதற்கு ஓட்டுரிமை கொடுத்தார்களா?

சட்டம் என்ன சொல்கிறது? 16 வயசில் 50 சிசிக்குள் இருக்கும் கியர் இல்லாத வண்டி மட்டும், அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு. நம் தெருவில் ஓடும் ஸ்கூட்டி, ஆக்டிவா, எக்ஸ்.எல். எதுவுமே 50 சிசிக்குள் வராது. மற்ற எல்லாவற்றுக்கும் 18 முடியணும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சின்னப் பிள்ளைகள் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டின பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடைக்காது. ஒரு பாக்கெட் பாலுக்கு இவ்வளவு விலையா?

18 ஆன பிறகும் முதலில் எல்.எல்.ஆர். எடுக்கணும். அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். வண்டியில் முன்னும் பின்னும் சிவப்பு எல் போர்டு இருக்கணும். கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. அப்புறம் ஆர்.டி.ஓ.விடம் காலை ஊன்றாமல் 8 போட்டுக் காட்டணும். கனமான வண்டியில் 8 போடுவது எவ்வளவு கஷ்டம் என்று போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

என் முடிவு

அக்கா ஐந்து பரீட்சையும் வைத்து, 125 சிசி செகண்ட் ஹேண்ட் வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியாகப் பார்த்தோம். ஏனென்றால் அதற்குப் பிறகு விற்கும் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் வசதியாவது கட்டாயம். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் இரண்டும் சரிபார்த்தோம். மீதிப் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவருக்கு, இன்னொன்று லைசென்ஸ் வந்த பிறகு பின்னால் உட்காருகிறவருக்கு. அதாவது எனக்கு!

"உன் உசரத்துக்கு இது சின்ன வண்டியா தெரியுதே" என்று தெருவில் இன்னும் சொல்கிறார்கள். சொல்லட்டும். பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்காமல் யாரும் பத்தாம் வகுப்புக்குப் போவதில்லை. நன்றாகப் பழகின பிறகு, சொந்தச் சம்பளத்தில், வேண்டுமானால் புல்லட்டும் வாங்கலாம். திருவொற்றியூர் பெயர் அப்போதும் பெருமையாகத்தான் இருக்கும்.

என்னைப் போல வரிசையில் கடைசியில் நிற்கும் தோழிகளே, தோழர்களே! உயரம் நமக்குக் கிடைத்த பரிசு. அதை வைத்து நாலு பேர் நம்மைக் கிண்டல் செய்தாலும் பரவாயில்லை, நாலு பேர் நம்மை அவசரப்படுத்த விடக் கூடாது.

காத்திருப்போம்! அளந்து பார்ப்போம்! பிறகு ஓட்டுவோம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி (கடைசி வரிசை)