புலிமுகமும் பொன்வலையும்

காட்டுவழியே செல்கையிற் கைப்பிடியளவு சிலந்தி ஒன்று தென்பட்டால், "இது கடிக்குமா?" என்பதே முதலில் எழும் வினா. "இது எந்தச் சிலந்தி?" என்னும் வினா எழுமுன்னரே எவராவது தடியை ஓங்கிவிடுகின்றனர். தமிழில் சிலந்தி என்னுஞ் சொற்குப் புண் என்றும் பொருளுண்டு. எங்கோ எழுந்த கொப்புளத்தின் பழியும் அவ்வுயிரின் மேலேயே விழுகிறது. ஆனைக்காவிலே இறைவனுக்கு வலையால் விதானம் அமைத்த சிலந்தியே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று பெரியபுராணத்திற் படிக்கும் நாம், வழியிற் கண்ட சிலந்தியை அடித்துக் கொல்வது பொருந்துமா?

பெரிய சிலந்திகளை இனங்காண்பது கடினமன்று. வலை உண்டா, இல்லையா என்பதை முதலில் நோக்குக.

இரு மரங்களுக்கிடையே அகன்ற வலை கட்டி, அதன் இழை வெயிலிற் பொன்னாக மின்னினால், அது நெபிலா என்னும் பொன்வலைச் சிலந்தி. பெண்ணின் உடல் மட்டுமே ஏறத்தாழ 2 அங்குலம் வரை வளரும். அதே வலையின் ஓரத்தில் கால் அங்குலமே உள்ள சிறு சிலந்தி ஒன்று இருந்தால், அதனைக் குஞ்சென்று எண்ணவேண்டாம்; அது அவளுடைய ஆண்துணை. எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கற்குறி போல விரித்து, வெண்ணிற நெளிகோடுகள் இட்ட வலையில் அமர்ந்திருப்பது ஆர்ஜியோப்பே. இவ்விரண்டுக்கும் அஞ்சவேண்டியதில்லை.

வலையின்றிச் சுவரிலே தட்டையாக ஒட்டியிருந்து, நண்டுபோலப் பக்கவாட்டில் விரைந்தோடுவது வீட்டுச் சிலந்தி. வட்டத்தட்டுப் போன்ற வெண்ணிற முட்டைப்பையை வயிற்றின்கீழ் ஏந்தித் திரிவது அதன் பெண். கரப்பான் பூச்சிகளை உண்டு நமக்கு நன்மையே செய்கிறது.

உடலெங்கும் மயிர் அடர்ந்து, பட்டைமரத்தின் நிறத்தோடு ஒன்றி, முதுமரப் பொந்தில் வாழ்வதே புலிமுகச் சிலந்தி. பகலிற் பதுங்கி இரவில் வேட்டையாடும். சினந்து முன்கால்களை உயர்த்தும்போது, அவற்றின் அடிப்புறம் மஞ்சளாகத் தெரியும். அது எச்சரிக்கை, உடனே விலகிவிடுக. கடித்தால் கடும் நோவும் தசைப்பிடிப்பும் உண்டாகும். தசைப்பிடிப்பு நாட்கணக்கில் நீடிப்பதும் உண்டு. நாட்டுவைத்தியம் பார்த்துக் காலங்கடத்தாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். ஆயினும் இதன் கடியால் எவரும் இறந்ததாகப் பதிவில்லை.

இப்புலிமுகச் சிலந்திகளின் குலம் இந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. 2009இல் மாங்குளத்தை அண்டிய ஊரவர் ஒருவர், இறந்த ஆண் சிலந்தி ஒன்றை ஆய்வாளரிடம் கொடுத்தார். அதன் பின்னரே தேடல் தொடங்கியது. கால்களை விரித்தால் 8 அங்குலம் வரும் அச்சிலந்தியை 2012இல் புதிய இனமென விவரித்த ஆய்வாளர், போரின் வடு மாறாத அக்காடுகளில் தமக்கு வழித்துணையாக நின்ற மைக்கல் ராஜகுமார் புராஜா என்னும் பொலிஸ் அதிகாரியின் நினைவாக அதற்கு ராஜேயி என்று பெயரிட்டனர். முதுமரங்கள் அருகியமையால், மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் அது குடிபுகுந்திருந்தது. வீட்டுக்குள் வந்த சிலந்தி நம்மைத் தேடி வந்ததன்று. நாம் வெட்டிய மரத்திலிருந்து வந்தது.

வளர்ப்புப் பிராணியாக விற்பதற்குப் பிடித்துச் செல்வோரும் உளர். ஆதலின் 2019இல் இக்குலம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. எனினும் சட்டத்தின் கை பற்றைக்காட்டுக்குள் எட்டுவது அரிது. அங்கே காவலாக நிற்க வேண்டியது நமது அறிவே.

ஆகவே காட்டுவழி செல்வோர் பொந்துகளிற் கைவிடாதிருத்தல் நன்று. சிலந்தியைக் கண்டால் இரண்டடி தள்ளி நின்று வலை, இருக்கை, மயிர், கால்நிறம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்க. பிள்ளைகளிடம் தடியைக் கொடுப்பதிலும் ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தல் மேலானது.