தேக்கா நடைபாதையில் சைக்கிளுக்கும் இடம் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் நடந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. ஒரு பக்கம் காய்கறிக் கூடைகள், மறுபக்கம் கடை வாசலில் வரிசை. நடுவில் கைத்தடியுடன் ஒரு முதியவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு தாய். பின்னால் சைக்கிள் மணி ஒலித்தால் ஒதுங்கக்கூட இடமில்லை.

2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டி ‘பாதசாரிகளுக்கு மட்டும்’ எனக் குறிக்கப்பட்டுள்ள பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது குற்றம். மீறுவோருக்கு 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் இது எல்லா நடைபாதைகளுக்குமான தடை அன்று. பக்கத்தில் சைக்கிள் பாதை இல்லாத நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மிகாமல் இன்றும் ஓட்டலாம்.

அகலமான பாதைகள் உள்ள தெம்பனிஸ் போன்ற நகர்களில் இந்த விதி நன்றாகப் பொருந்தும். அங்கே பாதையை இரண்டாகப் பிரிக்க முடியும். பழைய கடைவீடுகள் நெருங்கி நிற்கும் லிட்டில் இந்தியாவின் ஐந்தடிப் பாதையை எப்படிப் பிரிப்பது?

இதில் சைக்கிளோட்டியை மட்டும் குறைசொல்வது எளிது. 2019 நவம்பர் 5ஆம் தேதி நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தபோது, உணவு விநியோக ஊழியர்கள் வேறு வாகனத்துக்கு மாற அரசாங்கமும் நிறுவனங்களும் சேர்ந்து 70 லட்சம் வெள்ளி உதவித்திட்டம் அறிவித்தன. மின்சைக்கிளுக்கு மாறியவர் நடைபாதையில் ஏறக் கூடாது. சிராங்கூன் சாலையில் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் இடையேதான் ஓட்ட வேண்டும். சாதாரண சைக்கிளில் வருபவர் நடைபாதையில் மெதுவாகப் போகலாம். ஆனால் எத்தனை ஆர்டர் முடிக்கிறாரோ அதைப் பொறுத்தே அவருக்கு வருமானம். விடுதியிலிருந்து சைக்கிளில் வரும் வெளிநாட்டு ஊழியருக்கும் சாலையைக் கண்டு பயம் இருக்கத்தான் செய்யும்.

அதற்காகப் பாதசாரியின் அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறத்தாழ 7 மீட்டரைக் கடந்துவிடும். 10 கிலோமீட்டர் வேகம் என்றால் 3 மீட்டருக்கும் குறைவு. காது மந்தமான ஒரு பாட்டி திரும்பிப் பார்ப்பதற்கு அந்த ஒரு விநாடிதான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைபாதை வேக வரம்பு 15இலிருந்து 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டதன் அருமை இங்கேதான் புரியும்.

தீர்வுக்கு வெகுதூரம் போக வேண்டாம். தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள பென்கூலன் ஸ்திரீட்டில், 2017இல் நான்கு வாகனத் தடங்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. கிடைத்த இடத்தில் அகலமான நடைபாதையும் தனி சைக்கிள் பாதையும் அமைந்தன. அங்கே இடத்தைக் கொடுத்தது நடைபாதை அன்று, சாலை.

லிட்டில் இந்தியாவைப் பற்றிய பேச்சும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நடப்பவரும் சைக்கிளில் வருபவரும் ஐந்தடிக்காக மல்லுக்கட்டும்போது, பக்கத்துச் சாலையின் பல தடங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த மாற்றம் வரும்வரை, கூட்டம் மிகுந்த நேரத்தில் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். கடைக்காரர்களும் கூடைகளைச் சற்று உள்ளே தள்ளி வைக்கலாம்.