கார் ஷெட்டில் வாஷிங் மெஷின். தெருவெல்லாம் சோப்பு நுரை!

சென்னையில் வீட்டுக்குள் இடம் இல்லாதவர்கள் வாஷிங் மெஷினைக் கார் ஷெட்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். கரண்டுக்கு ஒரு பிளக், தண்ணிக்கு ஒரு குழாய். அத்தோடு வேலை முடிந்ததாம்! ஷெட்டில் சாக்கடை கிடையாதே, அழுக்குத் தண்ணி எங்கே போகும்? ஹோஸை கேட்டுக்கு வெளியே நீட்டிவிடுகிறார்கள்.

மேல்பக்கம் மூடி உள்ள மெஷின் ஒரு தடவை துவைத்தால் சுமார் 100 லிட்டர் தண்ணியைக் கக்கும். ஒரு தெருவில் பத்து வீடு இப்படிச் செய்தால் 1,000 லிட்டர். கத்திரி வெயிலிலும் தெரு காய்வதில்லை. நுரையில் ஸ்கூட்டர் வழுக்குகிறது.

"என்ன சார், தினம் தெருவை நனைக்கிறீங்க?" என்று கேட்டால், "துணி துவைச்ச தண்ணிதானே, கக்கூஸ் தண்ணியா?" என்று எகிறுகிறார்கள். வாய்ச்சண்டை போலீஸ் வாசல் வரை போகிறது.

சில கெட்டிக்காரர்கள் மழைநீர் வடிகாலில் விடுகிறார்கள். வடிகாலில் விழும் தண்ணிக்குச் சுத்திகரிப்பு கிடையாது. நேராகக் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்தான்! கூவம் நாறுகிறது என்று மூக்கைப் பிடிப்பவர்களும் இவர்களேதான்.

அதைவிட மோசம், மழைநீர் சேகரிப்புக் குழியில் விடுவது. 2003-ம் ஆண்டு சட்டம் போட்டு வீட்டுக்கு வீடு வெட்ட வைத்த குழி அது. அதில் சோப்புத் தண்ணி இறங்கினால் மணலும் ஜல்லியும் அடைத்துக்கொள்ளும். மிச்சம் கிணற்றுக்குப் போகும். அடுத்த வீட்டுக்காரர் அந்தத் தண்ணியைத்தான் இறைத்துக் குளிக்க வேண்டும்.

என்ன வழி?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வீட்டுப் பக்கத்துச் சந்தில் சாக்கடை சேம்பர் இருக்கும். அதுவரை சுவர் ஓரமாக 2 அங்குல பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும். பத்து அடிக்கு 2 அங்குலமாவது சரிவு வேண்டும். நடுவில் நானி டிராப் வைக்காவிட்டால் நாற்றமும் கரப்பானும் ஷெட்டுக்கு வந்துவிடும்.

முன்பக்கக் கதவு மெஷினில் பம்பு உண்டு. இடுப்பு உயரத்துக்குத் தண்ணியைத் தூக்கும். அதன் ஹோஸைத் தரையில் போட்டால், ஏற ஏறத் தண்ணி தானாக வடிந்துகொண்டே இருக்கும், துணி துவைந்தபாடில்லை! பம்பு இல்லாத மெஷின் என்றால் ஒரு அடி மேடை கட்டி ஏற்றுங்கள். பிளம்பருக்கு அரை நாள் வேலை. கார் வாங்கியவருக்கு இது ஒரு செலவா?

ஆனால் 2011-ல் மாநகராட்சியோடு சேர்த்த பகுதிகளின் கதை வேறு. அங்கே பல தெருக்களுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. செப்டிக் டேங்கில் விட்டால் சீக்கிரம் நிரம்பும்; லாரிக்குக் காசு அழ வேண்டும். அந்தப் பயத்தில்தான் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹோஸ் தெருவுக்கு வருகிறது. அவர்களுக்கு அபராத நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால், குடிநீர் வாரியம் குழாய் பதிக்கட்டும்.

அதுவரை அவர்கள் தோட்டத்தில் தனிக் குழி வெட்டி, சோப்புப் பவுடரைக் குறைத்து, வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். கிணற்றுப் பக்கம் மட்டும் வேண்டாம்.