ஒரு பரப்பு, பத்துப் பேர்ச்



யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்புக் கணக்கில்தான் சொல்வார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அப்படியானால் ஒரு பரப்பு பத்துப் பேர்ச். லயத்தை விட்டு வெளியேறித் தனி வீட்டுக்குப் போக அரசாங்கம் நமக்கு ஒதுக்கிய நிலம் ஏழு பேர்ச். யாழ்ப்பாணக் கணக்கில் அது முக்கால் பரப்புக்கும் குறைவு. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஊரைப் பார்ப்போம்.

யாழ். குடாநாடு இயற்கை அள்ளிக் கொடுத்த பூமி அல்ல. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட அங்கில்லை. நம் மலையிலிருந்து மகாவலியும் களனியும் இறங்கி ஓடுகின்றன. அங்கே மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும் நீர்தான் உண்டு. அதைக் கிணற்றிலிருந்து இறைத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்தார்கள். உழைப்பு நம்முடையதைப் போலவே கடினம். ஒன்றுதான் வித்தியாசம்: கிணறு தோண்டியவனின் பெயரில் காணி இருந்தது.

அந்தக் காணியை ஈடு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்க முடிந்தது. பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தார்கள். வட்டுக்கோட்டையில் 1823இலும், பெண் பிள்ளைகளுக்கென்று உடுவிலில் 1824இலும் பள்ளிகள் தொடங்கின. பிறகு சைவப் பாடசாலைகளும் பெருகின. நம் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களில்தான். நூற்றைம்பது வருடம் பிந்தி ஓடத் தொடங்கியவர்கள் நாம். "தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று யாராவது சொன்னால், இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

ஆனால் யாழ்ப்பாணம் முழுவதும் காணிக்காரர் ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அங்கே காணியும் இல்லை, கிணற்றில் அள்ளும் உரிமையும் இல்லை, கோயில் வாசலும் இல்லை. நாம் கிள்ளிய கொழுந்தில் ஊற்றிய தேநீரை, கடைக்கு வெளியே நிறுத்தி வேறு ஏனத்தில் கொடுத்தார்கள். 1957இலேயே சட்டம் வந்தது. சட்டத்தால் மட்டும் கதவு திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் தடியடியையும் தாண்டி நடந்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராடினார்கள். அதன் பிறகே தேநீர்க் கடைகளும் கோயில்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பிறகு வந்த அழிவை நாம் அறிவோம். 1981இல் நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990இல் முஸ்லிம் மக்களைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். 1995இல் நகரமே ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன வீடுகளுக்காக வலிகாமம் வடக்கு மக்கள் யுத்தம் முடிந்த பிறகும் போராட வேண்டியிருந்தது. அவர்கள் கையில் உறுதி இருந்தது. "இது என் காணி" என்று கேட்க அந்தக் கடதாசி உதவியது.

நம் ஆட்களும் வடக்கே போனார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு ஓடிய குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. பலர் பல வருடம் உறுதி இல்லாமலே அந்த மண்ணில் உழைத்தார்கள். நம் சிறு பிள்ளைகள் யாழ்ப்பாணத்து வீடுகளில் வேலைக்கு நின்றதையும், "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைக் கேட்டதையும் மறைத்துப் பேச வேண்டியதில்லை. அதேபோல, 1948இல் நம் குடியுரிமை பறிபோனதைக் கண்டித்துத் தம் கட்சியை விட்டு வெளியேறிய செல்வநாயகமும் அந்த ஊரின் அரசியலில் இருந்து வந்தவரே. சுன்னாகத்தில் நடந்தவர்களும் அந்த ஊர்க்காரரே. நம் உறவு அவர்களோடுதான்.

தோட்டக் காணி 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போனது. கைமாறிய ஒவ்வொரு முறையும் அதில் உழைத்தவனின் பெயர் எந்தக் கடதாசியிலும் எழுதப்படவில்லை. ஆகவே நாளச் சம்பளத்துக்குப் பேசும் அதே மூச்சில் காணிக்கும் பேச வேண்டும். வீடு கட்டித் தருகிறோம் என்று யார் வந்தாலும் தலைவர்மாரும் மாதர் சங்கத்தாரும் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர்ச்? உறுதி எப்போது? கணவன், மனைவி இருவர் பெயரிலுமா?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். உறுதி இல்லாத வீடு, கூரை மாறிய லயம்தான்.