கோழி இரத்தத்தின் சாட்சி

கோழிக்குச் சளி பிடிக்குமா? பிடிக்கும். தும்மும், வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கும், தொண்டையில் கரகரவென்று ஒலி கேட்கும். இப்படி வரும் நோய்களுள் ஒன்று தொற்று மூச்சுக்குழல் அழற்சி. அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்துக் குஞ்சுகளில் கண்ட இந்நோயைப் பற்றி 1931-இல் முதன்முதலாக எழுதினார்கள். இதை உண்டாக்குவது கொரோனா குடும்பத்து வைரஸ். (பயப்பட வேண்டாம். கோவிட் வைரசுக்கு இது தூரத்து உறவுதான். மனிதருக்கு நோய் தருவதில்லை.) வளர்ந்த கோழிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் முட்டை குறையும், ஓடு மெலிந்து கோணலாகும், வெள்ளைக் கரு தண்ணீராய் ஓடும்.

தடுப்பு மருந்து இருக்கிறதே, கொடுத்துவிட்டால் போயிற்று என்பீர்கள். சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது. முதலில் நன்கு அறியப்பட்ட வகைக்கு மாசசூசெட்ஸ் என்று பெயர். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் 1951-இல் ஒரு வைரஸ் கிடைத்தது. நோய் அதே நோய்தான். ஆனால் ஒன்றுக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள் மற்றொன்றை அடக்கவில்லை என்று 1956-இல் வெளியிட்டார்கள். பிறகு ஆர்க்கன்சா வகை, 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் 4/91 என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. வகை தெரியாமல் மருந்து கொடுப்பது, பூட்டைப் பார்க்காமல் சாவி வாங்குவது போலத்தான்.

வகையைப் பிரித்தறிய உதவுவது கோழியின் இரத்தம். இரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீரைச் சீரம் என்பார்கள். எதிர்ப்பொருள்கள் இதில்தான் இருக்கின்றன. சிறு குழிகள் கொண்ட ஒரு தட்டில் சீரத்தை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு குழியிலும் வகை தெரிந்த வைரஸைச் சம அளவு சேர்ப்பார்கள். பிறகு கோழியின் சிவப்பணுக்களை விடுவார்கள். வைரஸைத் தடுப்பார் இல்லையென்றால் அது சிவப்பணுக்களை ஒன்றோடொன்று கோத்து, குழியின் அடியில் மெல்லிய விரிப்பாகப் பரப்பிவிடும். எதிர்ப்பொருள் வைரஸைப் பிடித்துக்கொண்டால், சிவப்பணுக்கள் சட்டைப் பொத்தான் போல நடுவில் வந்து படியும். எத்தனை மடங்கு நீர்த்தும் பொத்தான் விழுகிறதோ, அதுவே அளவு. இந்த வைரஸ் சற்று முரண்டு பிடிக்கும்; தக்க நொதியால் பக்குவப்படுத்திய பிறகே சிவப்பணுக்களைக் கோக்கும். வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய இதைவிட அழகான சோதனையை நான் அறியேன்.

இதனினும் நம்பத் தகுந்தது முட்டையில் செய்யும் சோதனை. சீரத்தையும் வைரஸையும் கலந்து, அடைகாத்து ஒன்பது பத்து நாளான முட்டைக்குள் செலுத்துவார்கள். வைரஸ் வென்றால் உள்ளே இருக்கும் கரு வளர்ச்சி குன்றிச் சுருண்டுவிடும். சீரம் வென்றால் கரு ஒழுங்காக வளரும். முட்டையும் நிறைய வேண்டும், நாளும் ஆகும். எலைசா என்னும் சோதனை விரைவானது. ஆனால் பொதுவாக அது எல்லா வகைக்கும் ஒரே பதிலைச் சொல்லும்.

இன்று வைரசின் மரபணுவைப் படித்தே வகையைச் சொல்லிவிடுகிறார்கள். இனி முட்டையும் சீரமும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. வைரசின் மேலுள்ள கூர்முனைப் புரதத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் மாறினாலே, சில சமயம் பழைய எதிர்ப்பொருளுக்கு அது பிடிபடாமல் போகிறது. எந்த இடத்து மாற்றம் அப்படிச் செய்யும் என்பதை எழுத்து வரிசையை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. மரபணு ஆளின் பெயரைச் சொல்கிறது. அவனைப் பிடிக்க முடியுமா என்பதைச் சீரத்திடம்தான் கேட்க வேண்டும்.

சீரமும் எப்போதும் நேர்மையான சாட்சி அல்ல. ஒரே ஒரு வைரஸை மட்டும் சந்தித்த குஞ்சின் இரத்தம் தெளிவாகப் பேசும். இரண்டு மூன்று முறை மருந்து பெற்று, நோயும் கண்ட முட்டைக் கோழியின் இரத்தமோ, கேட்ட எல்லா வகைக்கும் தலையாட்டும். அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு “இந்த வகைதான்” என்று அடித்துச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். மருந்தில் உள்ள உயிருள்ள வைரசா, அதே வகையைச் சேர்ந்த வெளி வைரசா என்பதையும் இரத்தம் சொல்லாது. அங்கே மரபணுச் சோதனையே கைகொடுக்கும். மேலும், வகை வேறாக இருந்தும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்போது கோழி ஓரளவு காக்கப்படுவதும் உண்டு. ஆகவே கடைசித் தீர்ப்பு, மருந்து பெற்ற கோழியை ஆய்வுக்கூடத்தில் அந்த வைரசுக்கே உட்படுத்திப் பார்ப்பதுதான்.

பண்ணைகளில் நடக்கும் பெரிய குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். கோழி தும்மத் தொடங்கியதும் இரத்தம் எடுப்பதில்லை. முட்டை குறைந்த பிறகே எடுக்கிறார்கள். அப்போது கிடைக்கும் எண் பெரிதாக இருந்தாலும், அது மருந்தால் வந்ததா நோயால் வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? முதல் நாள் ஒரு முறை, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுமுறை எடுத்து, இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அளவு நான்கு மடங்காவது ஏறியிருந்தால் அண்மையில் வைரஸ் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். முதல் நாள் சீரத்தைச் சிறு குப்பியில் உறையவைத்துப் பாதுகாக்க, ஆகும் செலவு சொற்பமே.