குளிசையைக் குடுத்து வாயை அடைக்காதீங்க

"மனசு சரியில்ல, ஒண்டும் செய்ய ஏலாம கிடக்கு" எண்டு எங்கட ராத்தாமார் சொன்னால் முன்னர் ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது விற்றமின் டி பார்க்கச் சொல்கிறார்கள். முன்னேற்றம்தான். ஆனால் குளிசை கைக்கு வந்ததும் கதை முடிந்துவிடுகிறது. அதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

விற்றமின் டி குறைந்தால் எலும்பு நோகும், தசை தளரும். குறைவு இருந்தால் டொக்டர் சொல்லும் அளவில் குளிசை போடத்தான் வேண்டும். மனச்சோர்வு உள்ளவர்களிடம் இது குறைவாகக் காணப்படுவதும் உண்மை. எது எதனால் எண்டுதான் கேள்வி. மனம் உடைந்தவள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. வெயில் படாவிட்டால் விற்றமின் குறையாமல் என்ன செய்யும்? அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 18,353 பேரில் பாதிப்பேருக்கு நாளுக்கு 2000 அலகு விற்றமின் டி, மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசை எண்டு ஐந்து வருடமளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது: மனச்சோர்வு வருவதில் வித்தியாசமில்லை. அவர்களில் பெரும்பாலானோருக்கு விற்றமின் குறைபாடு இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, கடலும் வெயிலும் காலடியில் கிடக்கிற கல்முனையில் குறைவு ஏன் வருகிறது? உடனே அபாயாவைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பை மூடினால் வெயில் குறையும், மறுக்கவில்லை. ஆனால் எங்கட உம்மம்மாமாரும் தெருவில் முக்காடு போட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கு வளவு இருந்தது. கிடுகு வேலிக்குள் நெல் காயவைத்தார்கள், கிணற்றடியில் உடுப்புக் கழுவினார்கள், வெயில் தானாகவே பட்டது. அந்த வளவைத்தான் பெண்பிள்ளைகளுக்குச் சீதன வீடுகளாகக் கூறுபோட்டுக் கட்டினோம். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது எண்டார்கள். பிறகு தளர்த்தினாலும் ஊர் நெருங்கினது நெருங்கினதுதான். இப்போ சுவரோடு சுவர்.

யன்னலால் வாற வெயில் போதும் எண்டு நினைக்காதீங்க, தேவையான கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். சுபஹுக்குப் பிந்திய இளவெயில் சுகமானது, விற்றமினுக்குப் பெரிதாக உதவாது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாகும் நேரத்தில்தான் தோல் நன்றாக வேலை செய்யும். அந்த நேரம் பெண்கள் எங்கே? அடுப்படியில், இல்லாட்டி ரியூஷன் கொட்டிலில்.

கடற்கரை அந்தியில் ஆண்களுடையது. மைதானம் எப்பவும் ஆண்களுடையது. கல்முனை மாநகர சபையிடமும் பள்ளி நிர்வாகங்களிடமும் கேட்கிறோம்: பெண்கள் கையைச் சுருட்டிவிட்டு நடக்க, மதில் சூழ்ந்த ஒரு வெளியை எப்போது ஒதுக்குவீர்கள்?

மற்றது, மனசு சரியில்லை எண்டு ஒருத்தி இரண்டு கிழமையாகச் சொன்னால் விற்றமினோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கும் கூட்டிப் போங்க. ஊர் கதைக்கும் எண்டு பயப்படுவீங்க. கதைக்கும்தான். அதுக்காக அவளைத் தனியா அனுப்பாதீங்க, கூடப் போங்க.