பகல் தூக்கமும் தெளிகனவும்

"பகல்ல தூங்குறவன் உருப்பட மாட்டான்"னு எங்க திண்டுக்கல் பெருசுங்க சொல்லும். நான் ஒத்துக்க மாட்டேன் மக்கா!

கனவுக்குள்ளேயே 'இது கனவு'ன்னு தெரியுதே, அதைச் சொல்றேன். 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், தூங்குறவர் கண்ணை அசைச்சுக் காட்டிய சைகையை வெச்சே அதைப் பதிவு செஞ்சார்.

கனவு அதிகம் வர்ற 'ரெம்' தூக்கம் விடியற்காலையில்தான் நீளும். அப்போ எழுந்து, கொஞ்ச நேரம் முழிச்சிருந்துட்டு மறுபடி படுத்தா, தெளிவு கலையாமலே கனவுக்குள்ள போக வாய்ப்பு ஜாஸ்தி. மதியம் பிரியாணி மயக்கத்துல ஆழ்ந்த தூக்கம்தான் அதிகம்.

அதனால, விடியுமுன்னே பூ மார்க்கெட் போய்ட்டு வந்து, பத்து மணிக்குக் கண்ணசருறவங்களுக்குத்தான் இந்த யோகம். பாதி ராத்திரி எழுந்தவங்களைப் போய் சோம்பேறின்னு சொல்லாதீங்கப்பா!